தரையிலிருந்து எழுவது

நான் இளைத்துப்போனதில் எனக்குப் பெருமைதான் இருந்தது.

அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் ராஜவேலு, ஊர் செஞ்சி. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே ஒரே சாலையில் காலமெல்லாம் உட்கார்ந்தபடி ஓட்டியதில் வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஓய்வுக்குப் பிறகு சர்க்கரை வந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "எடையைக் கொஞ்சம் குறைங்க" என்றார். நான் கொஞ்சத்தோடு நிற்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் ஒரு கரண்டிச் சோறும் மோரும். முட்டை கொழுப்பு என்று யாரோ சொன்னதால் முட்டையை விட்டேன். மீன், கறியை விட்டேன். வாயு என்று பருப்பையும் விட்டேன். விடிந்ததும் கோட்டை வரை நடந்துவிட்டுத் திரும்புவேன். சில மாதங்களில் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பழைய ஆட்களைப் பார்த்தால், "இன்னாண்ணே, பாதி ஆளா ஆயிட்டீங்க, சூப்பர்" என்பார்கள். சர்க்கரையும் இறங்கியிருந்தது. டாக்டரிடம் போகும் நாளில் வேண்டுமென்றே தொளதொளத்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போவேன்.

என் மனைவி சகுந்தலா எனக்கு நேர் எதிர். நல்ல கனமான உடம்பு. தெருவில் யாரும் அவளிடம் வம்புக்கு வரமாட்டார்கள். ஒரு கையால் அவள் யாரையும் தள்ளிவிடுவாள் என்று நினைப்பு. "நீயும் ராத்திரி சோத்த நிறுத்து" என்று நான் சொன்னால், "நீங்க காத்துல பறக்கறது போதாதா? வூட்டுல ஒரு ஆளாவது கனமா இருக்கட்டும்" என்பாள்.

உடம்பு சில சேதிகளைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்க்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. திண்டிவனம் சாலையைக் கடக்கும்போது, பாதி தூரத்திலேயே லாரி ஹாரன் அடிக்கும். முன்பு அந்த நேரத்துக்குள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருப்பேன். இதற்கெல்லாம் வயசு என்று ஒரே பதில் வைத்திருந்தேன்.

ஒரு நாள் பகலில் திண்டிவனம் போய்விட்டு வந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பின்பக்கப் படி. அந்தப் படியில் நான் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. வழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை, மயக்கமும் இல்லை. ஒரு காலைத் தரையில் வைத்தேன். அந்தக் கால் என்னைத் தாங்கவில்லை. முட்டி தானாக மடங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன்.

"எழுந்திருங்கண்ணே" என்று கண்டக்டர் கை கொடுத்தான். நான் எழ முயன்றேன். வலது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வலியைவிட, என்னோடு வேலை பார்த்தவர்கள் சுற்றி நின்றதுதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது.

செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்றைக்கே ஆம்புலன்ஸில் விழுப்புரம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். சகுந்தலா என் தலைமாட்டில் உட்கார்ந்து வந்தாள். அவள் அந்த வண்டியில் ஏறியபோது பின்னாலிருந்து ஒருவர் தாங்கி ஏற்றியது எனக்கு நினைவிருக்கிறது. பதற்றத்தில் கால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் பந்து போல ஒரு தலை இருக்கிறது. அதற்குக் கீழே ஒடுங்கிய பகுதிக்குக் கழுத்து என்று பெயர். அந்தக் கழுத்தில் எனக்கு விரிசல். "எலும்பு விலகல. அது உங்க அதிர்ஷ்டம். ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டா போதும், மூட்டு மாத்தத் தேவையில்ல" என்றார்.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம், இதய ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே என்று ஸ்ட்ரெச்சரில் வைத்து ஒவ்வொரு வராந்தாவாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். படுத்துக்கொண்டே போகும்போது ஆஸ்பத்திரி என்பது மேற்கூரை மட்டும்தான். டியூப் லைட்டுகள், நின்றுபோன மின்விசிறி, ஒரு மூலையில் புறாக்கூடு. எங்காவது நிறுத்திவிட்டுப் போனால் காத்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் சகுந்தலாவின் முகம் மேலிருந்து எட்டிப் பார்க்கும். "தண்ணி வேணுமா" என்பாள். குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். முழு மயக்கம் கிடையாது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் என் எலும்பில் துளை போடும் சத்தம் கேட்டது. டெப்போவில் மெக்கானிக் வேலை செய்வதைப் போலவே இருந்ததால் பயம் குறைந்தது. சரியாகத்தான் முடுக்குகிறார்கள் என்று தோன்றியது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வேண்டும் என்றார்கள். அந்த வார்டில் என்னைவிட மூத்தவர்கள், இதே ஆபரேஷன் ஆனவர்கள், முனகிக்கொண்டாவது நின்றார்கள். என்னால் முடியவில்லை. வலியால் அல்ல. கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்து, "எழுங்க" என்றால், தொடையில் எதுவுமே நடக்கவில்லை. சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருக்குமே, அப்படி. அடிபடாத இடது காலும் அப்படித்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இனிமேல் கட்டில்தானா என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

எலும்பு டாக்டர் முதியோர் மருத்துவம் பார்க்கும் ஒரு லேடி டாக்டரை வரச் சொன்னார். அவர் அவசரப்படாதவர். என் கெண்டைக்காலைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். பிறகு பிரேக் லீவர் போன்ற ஒரு கருவியைக் கையில் கொடுத்து, முடிந்த அளவு அழுத்தச் சொன்னார். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் நிறைந்த வண்டியை வளைத்த கை அது. பல்லைக் கடித்து அழுத்தினேன். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது.

"என்ன சாப்பிடுவீங்க வீட்ல?" என்று கேட்டார். பெருமையோடு சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடை குறைஞ்சது சரி. எது குறைஞ்சதுன்னு யோசிச்சீங்களா?"

"கொழுப்புதான்."

"கொழுப்பும் போச்சு. கூடவே தசையும் போச்சு. வயசாகும்போது தசை தானாவே கொஞ்சம் கொஞ்சமா கரையும். அந்த நேரத்துல பருப்பு, முட்டை, மீன் எல்லாத்தையும் நிறுத்தினா இன்னும் வேகமா கரையும். உடம்பு லேசாயிடுச்சுன்னு நீங்க சந்தோஷப்பட்டிருக்கீங்க. தூக்கி நிறுத்தற ஆள் இளைச்சுப்போனது தெரியல."

இதற்கு சார்கோபீனியா என்று பெயர் சொன்னார். வயதானவர்களுக்குத் தசையின் அளவும் பலமும் குறைந்துபோவது. நான் தினமும் நடந்தேனே என்று கேட்டேன். "நடக்கறது நெஞ்சுக்கு நல்லது, விட்டுடாதீங்க. ஆனா தொடைக்குப் பளு வேணும். உக்காந்து எழறது, எதையாவது தூக்கறது, இழுக்கறது. அது இல்லாம தசை வளராது" என்றார்.

எங்கள் ஊரில் ஒருவர் குண்டானால் சதை போட்டுவிட்டது என்போம். சதை என்றாலே வேண்டாத சுமை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதில் எழுந்து நிற்க வைக்கும் சதை என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை இருந்தார். மண்டகப்பட்டுக்காரர், டிராக்டரிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டவர். டாக்டர் போனதும் தன் பையிலிருந்து வேகவைத்த மல்லாட்டையை எடுத்து நீட்டினார். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். "எங்க கொல்லையில வெளஞ்சது. துன்னுங்க சார். இவ்ளோ நாளு பட்டினி கெடந்துட்டு இங்க வந்து ஸ்க்ரூ போட்டுக்கினீங்களே." நான் சிரித்தேன். விழுந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அவர்தான் இன்னொன்றையும் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வூட்டுக்காரம்மா படுக்கவே மாட்டேங்கறாங்களே. எல்லாரும் கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுக்கறாங்க. அவங்க மட்டும் ராவெல்லாம் ஸ்டூல்லயே உக்காந்துக்கினு இருக்காங்க. காலு பாத்தீங்களா, வீங்கிக் கெடக்குது."

மாத்திரை மயக்கத்தில் நான் தூங்கிவிடுவேன். எனக்கு இது தெரியாது. காலையில் டீ வாங்கி வந்தவளிடம் கேட்டேன்.

"ஏன் படுக்கல நீ?"

"தரை ஜில்லுனு இருக்குது."

"பாய் இருக்குதே."

"கொசு."

"கட்டில் மேலயும் கொசுதான்."

"உங்களுக்கு எதுனா வேணும்னா? நானும் தூங்கிட்டா யாரு பாக்கறது?" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். என்மேல் வைத்த பாசம் என்று எடுத்துக்கொண்டேன். அதிலும் ஒரு பங்கு உண்மை இருந்தது.

அன்று முற்பகலில் பிசியோதெரபிஸ்ட் லோகேஷ் வந்தார். இளம் வயது, குரல் மட்டும் கண்டிப்பானது. என்னை எழ வைக்கும் முயற்சி அன்றும் சரியாக வரவில்லை. ஒரு நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே போட்டுவிட்டு சகுந்தலாவிடம் சொன்னார்.

"அம்மா, நீங்க உக்காருங்க. கையை மார்புல கட்டிக்குங்க. அப்படியே எழுந்து காட்டுங்க. முதல்ல பாதத்தைப் பின்னால இழுக்கணும், உடம்பை முன்னால சாய்க்கணும். ஐயா பாத்துக்கட்டும்."

சகுந்தலா உட்கார்ந்தாள். கையைக் கட்டினாள். முன்னால் சாய்ந்தாள். எழவில்லை. "இருங்க தம்பி, பொடவ மாட்டிக்கிச்சு" என்று கொசுவத்தைச் சரி செய்துகொண்டு மறுபடி முயன்றாள். நாற்காலி கிறீச்சிட்டதே தவிர அவள் எழவில்லை. மூன்றாவது முறை மூச்சைப் பிடித்து எழப் பார்த்துத் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். சிரிப்பு நின்றபோது கண்ணில் தண்ணீர் இருந்தது.

"எத்தனை நாளாம்மா?" என்றார் லோகேஷ். கண்டிப்பு போய்விட்டது.

"ரொம்ப நாளாவே. கைய ஊனிதான் எழறேன். தரையில உக்காந்தா எழவே முடியாது. அதான் உக்காரறதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "கீழ படுத்தா யாரு என்னைத் தூக்குவாங்க? உங்களால முடியுமா? ஆம்பளைங்க வார்டுல நாலு பேரு சேந்து என்னைத் தூக்கினா அசிங்கமா இருக்காது?"

ஒரு வருஷமாக அவள் மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்கு வரவில்லை. "கூட்டம் எனக்கு ஆவாது" என்பாள். பூச்செடிக்கு மண் கொத்துவதை விட்டுவிட்டாள். அம்மிக்குப் பதிலாக மேடைமேல் மிக்ஸி வந்தது. ஆம்புலன்ஸில் அவளைத் தாங்கி ஏற்றினார்கள். எல்லாம் ஒரே கதைதான் என்று அந்த நாற்காலிக்கு எதிரே படுத்திருந்தபோது புரிந்தது.

லேடி டாக்டர் மறுபடி வந்தார். இந்த முறை அளவு டேப்பும் அழுத்தும் கருவியும் சகுந்தலாவுக்கு. அவளுடைய முள் என்னுடையதைவிடக் கீழே நின்றது.

"நான் இவ்ளோ கனமா இருக்கறேனே டாக்டர்? எனக்கும் அதேவா?" அவளால் நம்ப முடியவில்லை.

"கனமா இருக்கறதால வெளியே தெரியலம்மா. உள்ள தசை குறைஞ்சிருக்கு, மேல கொழுப்பு மூடியிருக்கு. அவருக்குச் சின்ன இன்ஜின், சின்ன வண்டி. உங்களுக்குச் சின்ன இன்ஜின், பெரிய வண்டி. உங்க பாடுதான் அதிகம்."

என் தொழில் தெரிந்து அப்படிச் சொன்னாரோ என்னவோ, எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. டாக்டர் அவளிடம் பட்டினி கிடக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொன்னார். சோறு, இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் குறைய வேண்டும். பருப்பு, முட்டை, தயிர், மீன் வேளைக்கு வேளை இருக்க வேண்டும். எடை மெதுவாக இறங்கினால் போதும், பலம்தான் முதலில். எனக்கோ எடை ஏற வேண்டும். இருவருக்கும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே இதையெல்லாம் சொன்னார்.

அன்றைக்கு மாலை மகன் முரளி ஒரகடத்திலிருந்து வந்தான். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது.

"நைனா, இனிமே நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்க வேணாம். வூட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடுங்க."

"உன் வூடு மாடியில இருக்குது. லிஃப்ட் இல்ல" என்றாள் சகுந்தலா.

"தூக்கிட்டுப் போவேன்."

"தூக்கிட்டுப் போயி உக்கார வெப்ப. அப்பறம் எறங்கறது எப்போ?"

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. ஒருவர் விழுந்தால் மற்றவரால் தூக்க முடியாத வீடு எங்களுடையது. கடைசியில் லேடி டாக்டர்தான் நடுவில் வந்தார். சில மாதங்கள் பயிற்சி செய்யட்டும், மறுபடி சோதித்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். முரளி அரை மனதாகச் சம்மதித்தான். அன்றிரவுக்கு எங்கிருந்தோ ஒரு மடக்குக் கட்டில் தேடிக் கொண்டுவந்து, நர்ஸிடம் கெஞ்சி, அம்மாவைப் படுக்க வைத்துவிட்டுத்தான் போனான். அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். குறட்டை வார்டு முழுக்கக் கேட்டது. ஏழுமலை என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

சில நாட்களில் நான் வாக்கரைப் பிடித்து நின்றேன். பிறகு கழிவறை வரை போனேன். வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் எங்கள் நாள் மாறிப்போனது. லோகேஷ் சொல்லிக்கொடுத்தபடி சுவரோரம் உறுதியான நாற்காலியைப் போட்டு, இருக்கையில் தலையணை வைத்து உயரமாக்கி, அதில் உட்கார்ந்து எழுவோம். வலு வந்ததும் தலையணையை எடுத்தோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவோம். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கையில் தூக்குவோம். முதல் வாரங்களில் தொடை பிடித்துக்கொண்டு இருவரும் வீட்டுக்குள் வாத்து மாதிரி நடந்தோம். சகுந்தலாவுக்கு முட்டி வலி வேறு. "இன்னிக்கு வேணாங்க" என்று அவள் சொன்ன நாட்கள் உண்டு. நான் சொன்ன நாட்களும் உண்டு. நல்லவேளையாக இருவரும் ஒரே நாளில் சொன்னது குறைவு. வெள்ளி, செவ்வாயில் எங்கள் வீட்டில் முட்டை கிடையாது என்பதால் அந்த நாட்களில் சுண்டலும் தயிரும். ஏழுமலை யாரிடமோ ஒரு பை மல்லாட்டை கொடுத்தனுப்பினார்.

எனக்கு இன்னும் தரையில் உட்கார அனுமதி இல்லை. அதனால் தரையிலிருந்து எழும் பயிற்சி சகுந்தலாவுக்கு மட்டும். பாயில் படுத்து, ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, மண்டி போட்டு, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, எதிரே உள்ள நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். முட்டிக்குக் கீழே மடித்த துண்டு. ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுப் பெண் உதவிக்கு இருந்தால்தான் அவள் பாயில் இறங்குவாள். சில நாள் மண்டி போட்ட நிலையிலேயே நின்றுகொண்டு என்னைத் திட்டுவாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, "முன்னால சாய், பயப்படாத, நாற்காலி நகராது" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியாது.

மறு சோதனைக்குப் போனபோது அவள் எடை கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. ஆனால் கை கட்டியபடி நாற்காலியிலிருந்து எழுந்தாள். என் எடை ஏறியிருந்தது. முரளி எங்களைக் கூட்டிக்கொண்டு போகும் பேச்சை எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருவர், "இன்னாண்ணே, திரும்ப வெயிட் போட்டுட்டீங்களே" என்று வருத்தப்பட்டார். "ஆமாம்பா" என்றேன். விளக்கம் சொல்லவில்லை.

போன மாதம் தளவானூரில் சகுந்தலாவின் அண்ணன் பேரனுக்குக் காது குத்து. எனக்கு வாசலில் நாற்காலி கொடுத்தார்கள். கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பந்தலில் ஜமுக்காளம் விரித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "அத்த, இப்படி வந்து உக்காரு" என்று யாரோ சகுந்தலாவைக் கூப்பிட்டார்கள். அவள் ஏதாவது சாக்கு சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி மெதுவாக இறங்கி, நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

குழந்தை அழுதது, காது குத்தி முடிந்தது, எல்லோரும் சாப்பிட எழுந்தார்கள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் போய்விட்டார்கள். பக்கத்தில் நாற்காலி இல்லை. பிடித்துக்கொள்ளத் தூணும் இல்லை. யாரையாவது கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

அவள் ஒருக்களித்தாள். மண்டி போட்டாள். ஒரு பாதத்தை முன்னால் வைத்து, அந்தத் தொடைமேல் இரண்டு கையையும் அழுத்தினாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு எழுந்துவிட்டாள். புடவையைத் தட்டிவிட்டு, தலைப்பை இடுப்பில் செருகினாள். பந்தலில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது, ஒரு பெண் எழுந்து நின்றாள், அவ்வளவுதான்.

நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னா அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"பந்தி போட்டுட்டாங்க. வாங்க. இன்னிக்காவது வயிறு நெறைய சாப்பிடுங்க."

கை கொடுக்காமல் முன்னால் நடந்தாள். நான் தடியை ஊன்றி எழுந்து பின்னால் போனேன்.